பங்குச் சந்தையின் ஏற்றமும் இறக்கமும்

2020ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள், மும்பைப் பங்குச் சந்தையின் குறியீட்டெண்ணாகிய சென்செக்ஸ் ஒரே நாளில் 3,935 புள்ளிகள் சரிந்து 25,981இல் முடிந்தது. மறுநாள் இரவு நாடு முழுவதும் ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. ஆலைகள் மூடப்பட்டன, தொடர்வண்டிகள் நின்றன, தலையில் மூட்டையும் இடுப்பில் குழந்தையுமாகப் புலம்பெயர் தொழிலாளர்கள் நெடுஞ்சாலைகளில் நடந்தே ஊர் திரும்பினர். அவ்வாண்டின் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தி, முந்தைய ஆண்டின் அதே காலாண்டைவிட 23.9 விழுக்காடு சுருங்கியதாக முதல் மதிப்பீடு தெரிவித்தது. ஆயினும், 2021 ஜனவரி 21ஆம் நாள் அதே சென்செக்ஸ் வரலாற்றில் முதன்முறையாக 50,000 புள்ளிகளைத் தாண்டியது. நாடு நொடித்திருந்த வேளையில் சந்தை நிமிர்ந்தது எவ்வாறு? நாட்டின் பொருளாதாரத்திற்கும் பங்குச் சந்தைக்கும் உள்ள உறவு, நேர்க்கோட்டில் அமைந்த எளிய உறவன்று என்பதை இவ்வினா உணர்த்துகிறது.

ஆலமர நிழலில்

இந்தியாவில் பங்கு வணிகம் 1850களில் மும்பை நகர மண்டபத்திற்கு எதிரே, ஆலமர நிழலில் கூடிய தரகர்களிடம் தொடங்கியது. அவர்களே பின்னர் 1875இல் ஒரு சங்கமாக இணைந்தனர். இன்றைய மும்பைப் பங்குச் சந்தையின் தோற்றம் அதுவே. அச்சங்கம் உருவாவதற்கு முன்பே, உலகின் மறுகோடியில் நிகழும் ஒரு நிகழ்வு உள்ளூர்ச் சந்தையை எவ்வளவு உயர்த்தும், எவ்வளவு வீழ்த்தும் என்பதை அத்தரகர்கள் பட்டறிந்துவிட்டனர்.

1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டது. வடமாநிலக் கடற்படை தென்மாநிலத் துறைமுகங்களை முற்றுகையிட்டதால், அங்கிருந்து இங்கிலாந்தின் லங்காஷயர் நூற்பாலைகளுக்குச் சென்றுகொண்டிருந்த பருத்தி தடைப்பட்டது. ஆலைகளின் பார்வை இந்தியப் பருத்தியின்மேல் திரும்பியது. விலை பன்மடங்கு உயர்ந்தது. மும்பைத் துறைமுகம் வழியாகப் பருத்தி வெளியேற, பெருஞ்செல்வம் உள்ளே வந்து குவிந்தது. குவிந்த பணத்திற்கு வேலை வேண்டுமே! புதிய வங்கிகளும் நிதி நிறுவனங்களும் கடலைத் தூர்த்து நிலமாக்கும் நிறுவனங்களும் நாள்தோறும் முளைத்தன. அந்நிறுவனங்கள் என்ன ஈட்டும் என்று எவரும் கணக்கிடவில்லை. இன்று வாங்கிய பங்கை நாளை கூடுதல் விலைக்கு வாங்க ஒருவர் வருவார் என்பதே கணக்காக இருந்தது.

1865 ஏப்ரலில் தென்மாநிலப் படைத்தலைவர் லீ சரணடைந்தார். போர் முடிந்தது என்னும் செய்தி மும்பையை அடைந்ததும் பருத்தி விலை வீழ்ந்தது. முன்பேர ஒப்பந்தங்களுக்குத் தீர்வு காண வேண்டிய நாளாகிய ஜூலை முதல் நாளன்று, கொடுக்க வேண்டியவர்களிடம் கொடுப்பதற்கு ஒன்றுமில்லை. நேற்றுவரை செல்வந்தராய் இருந்தோர் நொடித்துப்போயினர். பழம்பெருமை வாய்ந்த பாம்பே வங்கியும் அந்த அதிர்ச்சியிலிருந்து மீளாமல் சில ஆண்டுகளில் மூடப்பட்டது. அக்காலச் சந்தையின் முடிசூடா மன்னராக விளங்கிய பிரேம்சந்த் ராய்சந்தும் பெரும்பொருளை இழந்தார். வீழ்ச்சிக்கு முன்பு அவர் மும்பைப் பல்கலைக்கழகத்திற்கு அளித்த கொடையில் எழுந்த ராஜாபாய் மணிக்கூண்டு, அவருடைய தாயின் பெயரைத் தாங்கி இன்றும் நிற்கிறது. அந்த ஏற்றத்தில் ஈட்டிய பணத்தில் நிலைத்து நின்றது, கொடுத்துவிட்ட பணம்தான் போலும்.

பங்கின் விலை எங்கிருந்து பிறக்கிறது?

ஒரு நிறுவனத்தின் பங்கு என்பது அந்நிறுவனத்தின் உரிமையில் ஒரு சிறு கூறு. அதனை வாங்குவோர், அந்நிறுவனம் கடந்த காலத்தில் ஈட்டியதற்காகப் பணம் கொடுப்பதில்லை. இனி ஈட்டப்போகும் இலாபத்திற்காகவே கொடுக்கின்றனர். ஆகவே, பங்கின் விலையை இரண்டு வினாக்கள் தீர்மானிக்கின்றன. எதிர்காலத்தில் எவ்வளவு இலாபம் கிடைக்கும்? அந்த எதிர்கால இலாபத்திற்கு இன்று என்ன மதிப்பு? பேரியல் பொருளாதாரக் காரணிகள் எனப்படும் வட்டி வீதம், பணவீக்கம், செலாவணி மாற்று வீதம், அரசின் வரவுசெலவு, உற்பத்தி வளர்ச்சி ஆகிய அனைத்தும் இவ்விரு வினாக்களில் ஒன்றன் வழியாகவோ, இரண்டன் வழியாகவுமோதான் சந்தைக்குள் நுழைகின்றன.

முதல் வினா எளிதில் விளங்கும். இரண்டாவதற்குச் சிறு கணக்கு வேண்டும். ஓராண்டு கழித்துக் கிடைக்கவிருக்கும் 100 ரூபாயின் இன்றைய மதிப்பு, வட்டி வீதம் 6 விழுக்காடாக இருந்தால் ஏறத்தாழ 94 ரூபாய். 10 விழுக்காடாக இருந்தால் 91 ரூபாய். வேறுபாடு பெரிதன்று. அதே 100 ரூபாய் பத்தாண்டுகள் கழித்துக் கிடைப்பதாயின், 6 விழுக்காட்டில் அதன் இன்றைய மதிப்பு 56 ரூபாய். 10 விழுக்காட்டிலோ 39 ரூபாய்க்கும் குறைவு. நிறுவனத்தில் எதுவும் மாறவில்லை. அதன் இலாபமும் குறையவில்லை. ஆயினும், வட்டி உயர்ந்தது என்னும் ஒரே காரணத்தால் அந்த இலாபத்தின் இன்றைய மதிப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கரைந்துவிடுகிறது. இன்று குறைவாகவும் நெடுநாள் கழித்து மிகுதியாகவும் ஈட்டுவோம் என்று உறுதி கூறும் இளம் தொழில்நுட்ப நிறுவனங்களின் பங்குகள், வட்டி உயரும்போது மற்றவற்றைவிட ஆழமாக விழுவதன் காரணம் இக்கணக்கில் உள்ளது.

வட்டி வீதம் என்னும் கடிவாளம்

வணிக வங்கிகளுக்கு இந்திய ரிசர்வ் வங்கி குறுகிய காலக் கடன் அளிக்கும் வட்டி வீதம் ரெப்போ வீதம் எனப்படும். 2016 முதல் ஆறு உறுப்பினர்களைக் கொண்ட பணக்கொள்கைக் குழு இதனை முடிவு செய்கிறது. சில்லறைப் பணவீக்கத்தை 4 விழுக்காட்டில், இருபுறமும் 2 விழுக்காடு விலக அனுமதித்து, நிறுத்துவது அக்குழுவின் கடமை. குழு கூடும் நாள்கள் முன்கூட்டியே அறிவிக்கப்படுவதால், சந்தையும் தன் எதிர்பார்ப்பை முன்கூட்டியே விலையில் ஏற்றிவைத்துவிடும். எதிர்பார்த்தபடி முடிவு வந்தால் சந்தையில் சலனம் இராது.

எதிர்பாராதது நிகழ்ந்தால் என்னாகும் என்பதற்கு 2022 மே 4ஆம் நாள் சான்று. உக்ரைன் போரால் கச்சா எண்ணெய், சமையல் எண்ணெய், கோதுமை ஆகியவற்றின் விலை ஏறிக்கொண்டிருந்த காலம் அது. குழு வழக்கமாகக் கூடும் நாள் அன்று. எனினும், பிற்பகலில் ரிசர்வ் வங்கியின் ஆளுநர் ரெப்போ வீதத்தை 4 விழுக்காட்டிலிருந்து 4.40 விழுக்காடாக உயர்த்துவதாக அறிவித்தார். சென்செக்ஸ் அன்று 1,307 புள்ளிகள் சரிந்து முடிந்தது. அரை விழுக்காடுகூட இல்லாத உயர்வுக்கா இவ்வளவு சரிவு என்று தோன்றலாம். சந்தை அஞ்சியது அந்த 0.40 விழுக்காட்டை அன்று. குழு தன் முறைநாள்வரைகூடக் காத்திருக்கவில்லை என்னும் செய்தியை. அது தொடக்கமே என்று சந்தை கணித்தது, கணிப்பும் பொய்க்கவில்லை. அடுத்த ஆண்டு பிப்ரவரிக்குள் ரெப்போ வீதம் 6.50 விழுக்காட்டை எட்டியது.

வட்டி உயர்வு எல்லா நிறுவனங்களையும் ஒருபோலத் தாக்குவதில்லை. வீடு, மகிழுந்து, இருசக்கர ஊர்தி முதலியன பெரும்பாலும் கடனில் வாங்கப்படுவதால், தவணைத் தொகை கூடும்போது அவற்றின் விற்பனை தளரும். கடன் சுமை மிகுந்த மின்னுற்பத்தி, கட்டுமான நிறுவனங்களின் இலாபத்தை வட்டிச் செலவு தின்னும். பற்பசையும் வழலைக்கட்டியும் விற்கும் நிறுவனங்களுக்கு அவ்வளவு வருத்தமில்லை. வட்டி ஏறியதற்காகப் பல் துலக்காமல் இருப்போர் உண்டா? மறுபுறம், வங்கி வைப்புக்குக் கூடுதல் வட்டி கிடைக்கும்போது, இடரை ஏற்க விரும்பாத சேமிப்பாளர்கள் சந்தையிலிருந்து விலகி வங்கியை நாடுகின்றனர். இதுவும் பங்கு விலையைக் கீழே இழுக்கும்.

தெரிந்து தெளிவோம்

சென்செக்ஸ் 30 பெருநிறுவனங்களின் பங்கு விலைகளைக் கொண்டு கணிக்கப்படும் குறியீட்டெண். 1978–79ஆம் ஆண்டை அடிப்படையாகக் கொண்டு, அவ்வாண்டின் மதிப்பை 100 எனக் கொண்டு 1986இல் அறிமுகமானது. தேசியப் பங்குச் சந்தையின் நிஃப்டி 50 நிறுவனங்களைக் கொண்டது. 1995 நவம்பர் 3ஆம் நாளின் மதிப்பு 1,000 எனக் கொள்ளப்பட்டது. சென்னையிலும் 1937 முதல் ஒரு பங்குச் சந்தை இயங்கியது. வணிகம் மின்னணு வழியாக மும்பைச் சந்தைகளில் குவிந்த பின், அது 2015இல் விடைபெற்றது.

பணவீக்கமும் கச்சா எண்ணெயும்

விலைவாசி மெல்ல உயர்வதைச் சந்தை வெறுப்பதில்லை. பொருளின் விலையைச் சிறிது உயர்த்தி விற்கும் நிறுவனத்தின் வருவாயும் அதனுடன் உயரும். பணவீக்கம் கட்டு மீறும்போதே தொல்லை பிறக்கிறது. மூலப்பொருள் விலை ஏறிய வேகத்தில் விற்பனை விலையை ஏற்ற இயலாத நிறுவனங்களின் இலாபம் சுருங்குகிறது. அரிசிக்கும் எண்ணெய்க்கும் கூடுதலாகச் செலவிடும் குடும்பம், புதிய சலவை இயந்திரம் வாங்குவதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கிறது. ரிசர்வ் வங்கி வட்டியை உயர்த்தும் என்னும் அச்சமும் உடன் சேர்கிறது.

இந்தியாவில் இக்கதையின் தொடக்கம் பெரும்பாலும் கச்சா எண்ணெயில் உள்ளது. நாட்டின் தேவையில் 85 விழுக்காட்டிற்கும் மேற்பட்ட கச்சா எண்ணெய் இறக்குமதி செய்யப்படுகிறது. பீப்பாயின் விலை ஏறினால் அதற்குக் கூடுதல் டாலர் தேவை. டாலருக்குத் தேவை கூடினால் ரூபாயின் மதிப்பு குறையும். ரூபாய் சரிந்தால் அதே பீப்பாய் மேலும் விலை கூடும். வண்ணப்பூச்சு, உருளிப்பட்டை, விமானப் போக்குவரத்து ஆகிய துறைகள் இதனை உடனே உணர்கின்றன. பிற துறைகளுக்குச் சரக்குந்து வாடகை வழியாகச் சற்றுப் பிந்தி வந்துசேர்கிறது.

அவ்வாறாயின் எண்ணெய் விலை வீழ்ந்தால் இந்தியச் சந்தை மகிழ வேண்டுமன்றோ? எப்போதும் அன்று. எண்ணெய் ஏன் மலிந்தது என்பதையும் சந்தை பார்க்கிறது. 2014இல் உற்பத்தி பெருகியதால் தொடங்கிய வீழ்ச்சி இந்தியாவுக்கு நன்மையாக அமைந்தது. 2008இன் பிற்பகுதியில் எண்ணெய் மலிந்ததோ, உலகின் ஆலைகளும் கப்பல்களும் ஓய்ந்ததால். அந்த மலிவால் சந்தைக்கு ஆறுதல் கிட்டவில்லை. 2020 ஏப்ரல் 20ஆம் நாள் அமெரிக்கக் கச்சா எண்ணெயின் முன்பேர விலை சுழியத்திற்கும் கீழே சென்றது. எண்ணெயை எடுத்துச் செல்வோருக்குப் பணமும் கொடுக்க வேண்டியிருந்தது! உலகம் அசையாமல் நின்றுவிட்டது என்பதற்கு அதைவிடத் தெளிவான அறிவிப்பு வேறில்லை.

ரூபாயின் மதிப்பும் அந்நிய முதலீடும்

1990இல் குவைத்தை ஈராக் ஆக்கிரமித்ததைத் தொடர்ந்து எண்ணெய் விலை எகிறியது. வளைகுடாவில் பணியாற்றிய இந்தியர்கள் வேலையிழந்து திரும்பியதால் அவர்கள் அனுப்பிவந்த பணமும் குறைந்தது. 1991இன் நடுப்பகுதியில் இந்தியாவின் அந்நியச் செலாவணி இருப்பு, இரண்டு மூன்று வார இறக்குமதிக்கே போதும் என்னும் நிலைக்கு இறங்கியது. ரிசர்வ் வங்கி ஏறத்தாழ 47 டன் தங்கத்தை விமானத்தில் வெளிநாட்டிற்கு அனுப்பி ஈடுவைத்துக் கடன் பெற்றது. ஜூலை 1, 3 ஆகிய நாள்களில் ரூபாயின் மதிப்பு இருமுறை குறைக்கப்பட்டது. ஜூலை 24ஆம் நாள் நிதியமைச்சர் மன்மோகன் சிங் வழங்கிய வரவுசெலவுத் திட்டம் பொருளாதாரத்தின் கதவுகளைத் திறந்துவிட்டது.

1990 ஜூலையில்தான் முதன்முறையாக 1,000 புள்ளிகளைத் தொட்டிருந்த சென்செக்ஸ், 1992 மார்ச் முடிவதற்குள் 4,000ஐக் கடந்தது. சீர்திருத்தம் தந்த நம்பிக்கை மட்டுமே இவ்வேற்றத்திற்குக் காரணம் என்று கூறுவது நேர்மையாகாது. வங்கிப் பணம் முறைகேடாகச் சந்தைக்குள் பாய்ச்சப்பட்டது அவ்வாண்டு ஏப்ரலில் வெளியானதும் விலைகள் சரிந்தன. எளிய சேமிப்பாளர்கள் பலர் கைப்பொருளை இழந்தனர். இந்தியப் பங்குகள் மற்றும் பரிவர்த்தனை வாரியமாகிய 'செபி'க்குச் சட்ட அதிகாரம் வழங்கப்பட்டதும், அந்நிய நிறுவன முதலீட்டாளர்கள் இந்தியப் பங்குகளை வாங்க இசைவு பெற்றதும் அதே 1992இல்தான். அதுமுதல், இந்தியச் சந்தையின் ஏற்ற இறக்கங்களுக்குரிய காரணங்களில் ஒரு பகுதி நியூயார்க்கிலும் இலண்டனிலும் உருவாகத் தொடங்கியது.

2008இல் இது தெளிவாகப் புலப்பட்டது. ஜனவரியில் 21,000 புள்ளிகளைத் தொட்ட சென்செக்ஸ், அமெரிக்காவின் லேமன் பிரதர்ஸ் நிறுவனம் செப்டம்பர் 15ஆம் நாள் திவாலானபின், அக்டோபர் இறுதியில் ஒருநாள் 8,000க்கும் கீழே சென்றது. இந்திய வங்கிகள் அமெரிக்க வீட்டுக்கடன் பத்திரங்களில் பெருமளவு சிக்கியிருக்கவில்லை. எனினும், தம் நாட்டில் பணமுடைக்கு ஆளான முதலீட்டாளர்கள் எங்கே விற்க முடியுமோ அங்கே விற்றனர். எளிதில் விற்கக்கூடிய நல்ல பங்குகளைக் கொண்டிருந்ததே இந்தியச் சந்தைக்கு இடராயிற்று.

2013ஆம் ஆண்டு நிகழ்வில் எவரும் திவாலாகவில்லை. ஒரு சொல்லே போதுமானதாக இருந்தது. மே 22ஆம் நாள் அமெரிக்க மைய வங்கியின் தலைவர் பென் பெர்னான்கி, தம் வங்கி மாதந்தோறும் பத்திரங்கள் வாங்கிப் புழக்கத்தில் விடும் பணத்தின் அளவு வரும் மாதங்களில் குறைக்கப்படலாம் என்றார். குறைக்கவில்லை, குறைக்கப்படலாம் என்றார், அவ்வளவே. ஒரு டாலருக்கு 55 ரூபாய் என்ற அளவில் இருந்த மாற்று வீதம், ஆகஸ்டு 28ஆம் நாள் 68 ரூபாயைக் கடந்தது. 2012–13இல் இந்தியாவின் நடப்புக் கணக்குப் பற்றாக்குறை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 4.8 விழுக்காடாக இருந்தது. எண்ணெய்க்கு அடுத்தபடி அதனைப் பெருக்கியது தங்க இறக்குமதி. தங்கத்தின் மீதான இறக்குமதி வரியை அரசு அவ்வாண்டு 10 விழுக்காடாக உயர்த்தியதன் பின்னணி இதுவாகும். திருமணத்திற்கு நகை வாங்கச் சென்ற குடும்பத்திற்கும் வாஷிங்டனில் கூறப்பட்ட ஒரு சொல்லுக்கும் இடையே இத்தகைய தொடர்பு இருந்தது.

ரூபாய் சரிந்தால் எல்லாருக்கும் இழப்பு என்று கொள்ளுதலும் பிழை. டாலரில் ஈட்டி ரூபாயில் ஊதியம் வழங்கும் மென்பொருள் நிறுவனங்களுக்கு அது ஆதாயம். திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதியாளருக்கும் அவ்வாறே. ஆனால், வெளிநாட்டு இயந்திரத்தை டாலர் கடனில் வாங்கியிருந்தால் அதே சரிவு அவருக்குச் சுமை. நாணய மதிப்பு மாறும் நாளில் குறியீட்டெண்ணை மட்டும் பார்ப்போருக்கு, அதனுள் சில பங்குகள் ஏறுவதும் சில இறங்குவதும் தெரிவதில்லை.

அரசின் முடிவுகளும் மக்களின் தீர்ப்பும்

2019 செப்டம்பர் 20ஆம் நாள் காலையில், நிறுவனங்களின் அடிப்படை வருமான வரியை 30 விழுக்காட்டிலிருந்து 22 விழுக்காடாகக் குறைக்கும் வாய்ப்பை நடுவண் அரசு அறிவித்தது. மேல்வரிகளைத் தவிர்த்துக் கணக்கிட்டால், 100 ரூபாய் ஈட்டிய நிறுவனத்திடம் வரி போக எஞ்சும் தொகை 70 ரூபாயிலிருந்து 78 ரூபாயாகிறது. அஃதாவது, கூடுதலாக ஒரு பொருள்கூட விற்காமலேயே இலாபம் 11 விழுக்காடு உயர்கிறது. சென்செக்ஸ் அன்று 1,921 புள்ளிகள் உயர்ந்தது. எனினும், வரி குறைந்த அளவுக்கு அரசின் வருவாயும் குறையும். பற்றாக்குறை பெருகி, அரசு மிகுதியாகக் கடன் வாங்கினால், சந்தையில் வட்டி வீதம் உயர்ந்து தனியார் நிறுவனங்களுக்குக் கடன் அரிதாகும். ஒரே அறிவிப்பு ஒரு வாயில் வழியே இலாபத்தைக் கூட்டவும், மறுவாயில் வழியே அதன் மதிப்பைக் குறைக்கவும் வல்லது.

தேர்தல் முடிவுகளின்போது சந்தை பதற்றம் கொள்வது வழக்கம். 2004 மே 17ஆம் நாள் சென்செக்ஸ் 564 புள்ளிகள் வீழ்ந்தது. வணிகம் இருமுறை நிறுத்தப்பட்டது. 2009 மே 18ஆம் நாள் 2,110 புள்ளிகள் உயர்ந்ததாலும் வணிகம் நிறுத்தப்பட்டது. 2024 ஜூன் 4ஆம் நாள் 4,389 புள்ளிகள் சரிந்தது. இவற்றுள் எது பெரிய சரிவு? 2024இன் சரிவு 5.7 விழுக்காடு, 2004இன் சரிவோ 11 விழுக்காடு. புள்ளிகளின் எண்ணிக்கையைப் பெரிய எழுத்தில் அச்சிடும் செய்தித் தலைப்புகள் இவ்வேறுபாட்டை மறைத்துவிடுகின்றன. மேலும், இந்த மூன்று தேர்தல்களுக்குப் பின்னரும் சந்தை சில வாரங்களிலோ மாதங்களிலோ வட்டி, இலாபம், செலாவணி என்னும் தன் பழைய கவலைகளுக்கே திரும்பியது. 2004 மே மாதம் அஞ்சி விற்றவர்கள், அதன்பின் தொடர்ந்த நெடிய ஏற்றத்தை வெளியே நின்று பார்க்க நேர்ந்தது.

பருவமழையையும் இங்குச் சுட்ட வேண்டும். நாட்டின் உழைப்பாளர்களில் ஏறத்தாழ 45 விழுக்காட்டினர் வேளாண்மையைச் சார்ந்திருப்பதால், தென்மேற்குப் பருவமழை குறித்த முன்னறிவிப்பு, உழுவை இயந்திரம், இருசக்கர ஊர்தி, உரம் ஆகியவற்றை விற்கும் நிறுவனங்களின் பங்குகளை அசைக்கிறது.

2020: ஒரு புதிரும் விடையும்

தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு இப்போது விடை காணலாம். 23.9 விழுக்காட்டுச் சுருக்கம் என்னும் புள்ளிவிவரம் 2020 ஆகஸ்டு 31ஆம் நாள் மாலை, சந்தை மூடியபின் வெளியாயிற்று. அப்போதே சென்செக்ஸ் 38,000ஐத் தாண்டி நின்றது. புள்ளிவிவரம் கூறியது முடிந்துபோன காலாண்டின் கதை. அக்கதையைச் சந்தை மார்ச் மாதத்திலேயே அஞ்சி, விலையைக் குறைத்து முடித்திருந்தது. ஆகஸ்டில் அது அடுத்த ஆண்டை நோக்கிக்கொண்டிருந்தது.

அடுத்தது வட்டி. ரெப்போ வீதம் மார்ச் 27ஆம் நாள் 5.15 விழுக்காட்டிலிருந்து 4.40 ஆகவும், மே 22ஆம் நாள் 4 விழுக்காடாகவும் குறைக்கப்பட்டது. அமெரிக்க மைய வங்கியோ தன் வட்டி வீதத்தைச் சுழியத்தை ஒட்டியே வைத்தது. முன்னர்க் கண்ட கணக்கு தலைகீழாக வேலை செய்தது: எதிர்கால இலாபங்களின் இன்றைய மதிப்பு ஏறியது. உலகெங்கும் பெருகிய பணம் ஆதாயம் தேடி அலைந்தது. 2020–21 நிதியாண்டில் அந்நிய முதலீட்டாளர்கள் இந்தியப் பங்குகளில் நிகரமாக ஏறத்தாழ 2.74 இலட்சம் கோடி ரூபாயைக் கொண்டுவந்தனர்.

மூன்றாவது காரணமே அனைத்திலும் கசப்பானது. சென்செக்ஸில் இடம்பெறும் 30 நிறுவனங்கள் நாட்டின் பொருளாதாரம் அன்று. அதன் ஒரு முகம் மட்டுமே. வீட்டிலிருந்தபடி பணிபுரியும் வழக்கம் பரவியதால் மென்பொருள் நிறுவனங்களுக்கு வேலை கூடியது. மருந்து நிறுவனங்களுக்கும் அவ்வாறே. சிறு கடைகளும் சிறு ஆலைகளும் மூடப்பட்டபோது, அவற்றின் வாடிக்கையாளர்கள் பெரிய நிறுவனங்களிடம் சென்றனர். தேநீர்க் கடை, விசைத்தறிக்கூடம், கட்டடத் தொழிலாளி, தையல்காரர், சாலையோர வணிகர் ஆகியோரின் இழப்பு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஓரளவேனும் பதிவாகும். குறியீட்டெண்ணிலோ பதிவாக வழியே இல்லை. நெடுஞ்சாலையில் நடந்தவர்கள் பணிபுரிந்த பட்டறைகள் எந்தப் பங்குச் சந்தையிலும் பட்டியலிடப்பட்டவை அல்ல. சிலவேளைகளில் அவர்களின் இழப்பே பட்டியலிடப்பட்ட நிறுவனத்தின் ஆதாயமாகவும் அமைந்தது. சந்தை உயர்ந்ததைக் கொண்டு நாடு நலமடைந்தது என்று முடிவு செய்வது, நகரின் ஒரு தெருவில் எரியும் விளக்கைக் கண்டு ஊரெங்கும் வெளிச்சம் என்பதைப் போன்றது.

சிறு சேமிப்பாளர்களின் வருகை

ஊரடங்குக் காலத்தில் வேறொரு மாற்றமும் நிகழ்ந்தது. வைப்புநிதி வட்டி சரிந்திருந்தது. கைப்பேசியிலேயே கணக்குத் தொடங்கும் வசதி வந்திருந்தது. 2020 மார்ச்சில் ஏறத்தாழ 4 கோடியாக இருந்த டிமேட் கணக்குகளின் எண்ணிக்கை, 2024 மார்ச்சில் 15 கோடியைக் கடந்தது. பரஸ்பர நிதிகளில் மாதந்தோறும் சிறு தொகை செலுத்தும் முறையான முதலீட்டுத் திட்டங்கள் வழியாக வந்த பணம், 2021 செப்டம்பரில் முதன்முறையாக ஒரு மாதத்தில் 10,000 கோடி ரூபாயைத் தாண்டியது. 2024 ஏப்ரலில் 20,000 கோடியைத் தாண்டியது.

இதன் விளைவை 2022இல் காண முடிந்தது. அமெரிக்க வட்டி வீதம் வேகமாக உயர்ந்த அவ்வாண்டில், அந்நிய முதலீட்டாளர்கள் ஏறத்தாழ 1.21 இலட்சம் கோடி ரூபாயை இந்தியப் பங்குகளிலிருந்து நிகரமாகத் திரும்பப் பெற்றனர். 2008ஆம் ஆண்டின் அனுபவப்படி பார்த்தால் சந்தை நொறுங்கியிருக்க வேண்டும். மாறாக, சென்செக்ஸ் அவ்வாண்டைத் தொடக்கத்தைவிட 4 விழுக்காடு கூடுதலாகவே முடித்தது. அவர்கள் விற்றவற்றை உள்நாட்டு நிதிகள் வாங்கிக்கொண்டன. அந்நிதிகளில் இருந்தது ஆசிரியர், அலுவலக உதவியாளர், செவிலியர், சிறு வணிகர் ஆகியோர் மாதச் சம்பளத்திலிருந்தும் வருவாயிலிருந்தும் ஒதுக்கிய ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்கள்.

புதிதாக வந்தோர் அனைவரும் இவ்வாறு பொறுமையுடன் காத்திருக்கவில்லை. ரிசர்வ் வங்கியின் அறிவிப்பு, வரவுசெலவுத் திட்டம், தேர்தல் முடிவு ஆகியவற்றின்போது சந்தை எத்திசையில் செல்லும் என்பதை முன்கூட்டியே கணித்து, முன்பேர, விருப்புரிமை ஒப்பந்தங்களில் விரைந்து பொருளீட்ட முயன்றோர் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர். 2021–22 முதல் 2023–24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் அவர்களின் கணக்குகளைச் செபி ஆராய்ந்தது. அவர்களுள் 93 விழுக்காட்டினர் இழப்பையே கண்டிருந்தனர். மூன்றாண்டுகளில் அவர்கள் அடைந்த மொத்த இழப்பு 1.8 இலட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். 2022இல் அந்நிய முதலீட்டாளர்கள் எடுத்துச் சென்ற தொகையைவிட இது பெரிது.